படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், வயதாகி எழுந்து நடமாட முடியாமல் போனவர் என்று நம் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருவர் படுக்கையில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்யும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்க" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். எப்படித் திருப்புவது, எத்தனை மணிக்கு ஒருமுறை, தோலில் எதைப் பார்ப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நான் நர்ஸ் வேலையில் இருப்பவள். வீடுகளுக்குப் போனால் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன க்ரீமுங்க போடறது?" என்றுதான். க்ரீமுக்கு இதில் கடைசி இடம். முதல் இடம் கடிகாரத்துக்கு, அடுத்த இடம் உங்கள் கண்ணுக்கு.

புண் எப்படி வருகிறது

ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதை நசுங்கும், அங்கே இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும், ரத்தம் போகாத சதை செத்துப்போகும். நமக்குத் தூக்கத்திலேயே உடம்பு தானாகப் புரண்டுகொள்ளும். உணர்ச்சி மரத்துப்போனவருக்கும் அசைய முடியாதவருக்கும் அது நடக்காது. சேதம் பல சமயம் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் தொடங்கும் என்பதால், மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தெரிகிற புண்ணின் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் சதை போயிருக்கலாம்.

புண் வருகிற இடங்கள் இவை. மல்லாக்கப் படுத்திருந்தால் வால் எலும்பு, குதிகால், பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை. ஒருக்களித்துப் படுத்திருந்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் இடம், காது மடல். காதை யாரும் பார்ப்பதே இல்லை, தலையணையில் மடங்கிக் கிடக்கும்.

அழுத்தம் மட்டும் காரணம் இல்லை. டிவி பார்க்கட்டும் என்று தலைமாட்டை நன்றாக உயர்த்தி நாள் முழுக்கச் சாய்த்து வைத்திருப்பார்கள், உடம்பு மெதுவாகக் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போகும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்க உள்ளே எலும்பு மட்டும் நகரும். அந்த இழுப்பில் குழாய்கள் முறுக்கிக்கொண்டு அடைபடும். சாப்பாட்டுக்கு நன்றாகவே நிமிர்த்துங்கள், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும், அப்புறம் 30 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். 30 டிகிரி என்பது செங்குத்தாக நிமிர்ந்து உட்காருவதில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மூன்றாவது எதிரி ஈரம். வியர்வை, மூத்திரம், மலம் எதில் ஊறினாலும் தோல் நைந்து, சின்ன உரசலுக்கே உரிந்து வரும்.

தினமும் பார்ப்பது

காலையிலும் ராத்திரியிலும் மேலே சொன்ன இடங்களை எல்லாம் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்காவது நிறம் மாறியிருந்தால் விரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். எடுத்ததும் வெளுத்து மறுபடி பழைய நிறத்துக்கு வந்தால் சரி, ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை, தோல் கிழியாவிட்டாலும் புண் என்றுதான் கணக்கு. ஆனால் புத்தகத்தில் 'சிவப்பு' என்று எழுதியிருப்பது வெளுத்த தோலுக்குச் சொன்னது. நம்மவர்களின் கறுத்த, மாநிறத் தோலில் அது பழுப்பாகவோ ஊதாவாகவோ சுற்றியுள்ளதை விடக் கறுப்பாகவோ தெரியும், சில சமயம் நிறமே மாறாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் மட்டும் சூடாகவோ சில்லென்றோ, கல்லுப்போலவோ கொழகொழவென்றோ இருந்தால் அதுவும் அதே எச்சரிக்கைதான்.

அப்படி ஒரு இடம் கண்ணில் பட்டால் நன்றாக எண்ணெய் விட்டுத் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள், உள்ளே ஏற்கெனவே நொந்த சதை இன்னும் பிய்ந்துபோகும். அந்தப் பக்கம் பாரம் படாமல் வைப்பதுதான் வைத்தியம். முதல் நிலையில் பிடித்து அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும்.

திருப்பிப் படுக்க வைப்பது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஞாபகத்தை நம்பாதீர்கள். கிழித்த தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் மணியை எழுதி, எதிரே இ, ம, வ என்று ஒரு எழுத்துப் போட்டு, சுவரில் குத்தி வையுங்கள். மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் வந்தாலும், "கடைசியா எந்தப் பக்கம் படுத்திருந்தாருங்க?" என்று கேட்க வேண்டியதில்லை.

கையையும் காலையும் பிடித்து இழுத்துத்தான் பெரும்பாலான வீடுகளில் நகர்த்துகிறார்கள். தோள் மூட்டுப் பிசகும், தோலும் உரியும். ஒரு பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அவருக்கு அடியில் எப்போதுமே விரித்து வையுங்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வேட்டியின் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். இழுக்கிற சத்தம் கேட்டால் தப்பு, மெத்தையிலிருந்து ஒரு விரற்கடையாவது உடம்பு எழும்ப வேண்டும்.

ஒருக்களிக்கும்போது முழுசாகப் பக்கவாட்டில் நிறுத்தினால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பில் இறங்கும். பாதிச் சாய்வு போதும், அந்த 30 டிகிரிதான் இங்கேயும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நீளவாக்கில் முட்டுக்கொடுத்து, வால் எலும்புக்கு அடியில் உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள், கை தாராளமாகப் போனால் சரியாக வைத்திருக்கிறீர்கள். இரண்டு முழங்காலுக்கு நடுவில் இன்னொரு தலையணை. மல்லாக்க இருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் நீளமாக ஒன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். குதிகாலுக்கே தலையணை வைப்பது வைக்காததற்குச் சமம்.

செய்யும் முன் அவரிடம் சொல்லுங்கள். பேச முடியாதவராக இருந்தாலும், நினைவு தப்பியவர் என்று நீங்கள் நினைத்தாலும் சொல்லுங்கள். "ஏனுங் மாமா, சித்த இந்தப் பக்கம் திரும்பிக்கலாமுங்களா?" என்று மருமகள் கேட்டுவிட்டுத் தொட்டால் அவர் உடம்பை விறைக்காமல் ஒத்துழைப்பார். "வேண்டாம் கண்ணு, இப்படியே கெடக்கறேன்" என்று சொன்னால் கால்மணி நேரம் விட்டுக்கொடுத்து மறுபடி கேளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

நாற்காலியில் உட்கார வைக்க முடிகிறவராக இருந்தால் நல்லது, ஆனால் உட்காரும்போது பாரம் முழுவதும் புட்டத்து எலும்பில்தான். கால்மணிக்கு ஒருமுறை கைப்பிடியை ஊன்றிச் சற்று எழும்பவோ பக்கவாட்டில் சாயவோ சொல்லுங்கள், தானாக முடியாதவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

ராத்திரிதான் சிக்கல். நல்ல ஏர் பெட் (காற்று ஊதுகிற மெத்தை) இருந்து, திருப்பும்போது தோலில் மாற்றம் எதுவும் இல்லை என்றால் டாக்டரையோ நர்ஸையோ கேட்டுக்கொண்டு ராத்திரி இடைவெளியை மூன்று நான்கு மணி நேரமாக நீட்டலாம். பகல் முழுக்கப் பார்க்கிற மருமகளே ராத்திரி இரண்டு மணிக்கும் எழ வேண்டும் என்று வீட்டு ஆம்பளைகள் நினைத்தால் ஒரே மாதத்தில் வீட்டில் இரண்டு நோயாளி. மகன்களுக்கும் கை இருக்கிறது.

மெத்தையும் துணியும்

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் நடுவில் தொய்ந்து பாரத்தையெல்லாம் புட்டத்தில் கொண்டு சேர்க்கும், நாள்பட்ட நோயாளிக்கு ஆகாது. பவானி ஜமுக்காளம் பந்தியில் விரிக்க அருமையானது, அந்த முரட்டு நூலில் மெலிந்த தோலைக் கிடத்தக் கூடாது. மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி விரிப்பு. சென்னிமலை பெட்ஷீட் பழசானால் இதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ரப்பர் ஷீட் நேரடியாக உடம்பில் படக் கூடாது, வேர்த்து ஊறிப்போகும். விரிப்பில் சுருக்கம், ரொட்டித் துகள், மாத்திரை அட்டை, ஹேர்பின் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிடுங்கள்.

ஏர் பெட் வாங்குகிறவர்கள் அதில் அறைகள் மாறி மாறி ஊதி இறங்குகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. வால் எலும்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பாருங்கள், அவருடைய எலும்பு கையில் முட்டினால் காற்றுப் போதவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையிலிருந்து கரண்டை நிறுத்துகிற நாளில் மோட்டார் ஓடாது, காற்று இறங்கிவிடும், அன்றைக்குப் பழையபடி மணி பார்த்துத் திருப்ப வேண்டியதுதான். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் ட்யூப், தண்ணீர் ஊற்றிக் கட்டிய கையுறை இதெல்லாம் வேண்டாம். ட்யூபின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவே இருக்கிற தோலுக்கு ரத்தத்தை இன்னும் குறைக்கும்.

படுக்கையிலேயே துடைத்துவிடுவது

தினமும் தண்ணி வாக்க முடியாவிட்டால் துடைத்துவிட வேண்டும். இதைச் சுத்தத்துக்கான வேலையாக மட்டும் பார்க்காதீர்கள், உச்சி முதல் பாதம் வரை தோலை முழுசாகப் பார்க்கக் கிடைக்கிற நேரமும் இதுதான்.

முதலில் உங்கள் நகத்தை வெட்டி, மோதிரம் வளையலைக் கழற்றி வைத்து, சோப்புப் போட்டு 20 விநாடியாவது கை கழுவுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். ஆடிக் காற்று அடிக்கிற காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுக்கு ஈர உடம்பு நடுங்கிப்போகும். இரண்டு பாத்திரம், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். வெதுவெதுப்பாக, உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்து இதமாக இருக்கும் சூட்டில். சர்க்கரை நோயாளிக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் சூடு உறைக்காது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். அதே காரணத்துக்காக வெந்நீர்ப் பையும் வேண்டாம். போர் போட்ட உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் தோலில் படிந்து அரிப்பைக் கொடுக்கும், சிறுவாணியோ ஆற்றுத் தண்ணீரோ குழாயில் வருகிற வீடாக இருந்தால் அதில் ஒரு குடம் இதற்கு ஒதுக்கிவையுங்கள்.

துணிக்குத் திருப்பூர் பனியன் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. பழைய வெள்ளை பனியனைத் தையல் விளிம்பு இல்லாமல் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, துவைத்து வெயிலில் காயப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு, உடம்புக்கு, கீழ்ப்பக்கத்துக்கு என்று தனித்தனி. முதலில் கண், சோப்பு இல்லாமல், மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு கண்ணுக்கு ஒரு துணிமுனை. அப்புறம் முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு. துடைக்கிற பாகத்தை மட்டும் திறந்து மற்றதைத் துண்டால் மூடியே வையுங்கள், கதவையும் சாத்துங்கள். படுத்துக் கிடந்தாலும் மானம் மானம்தான். கை வருகிறவர் என்றால் முகத்தையும் மறைவிடத்தையும் அவரே துடைத்துக்கொள்ளட்டும், துணியை நனைத்துக் கையில் கொடுங்கள்.

குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலோ லேசான அமிலத்தன்மையில்தான் நலமாக இருக்கும். அதனால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் சோப்பு தேவையில்லை. டெட்டால் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள், வறண்டு வெடிக்கும். துடைத்தபின் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மார்புக்கு அடியில், வயிற்று மடிப்பில், தொடையிடுக்கில், கால்விரல் இடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரியாகத் தெரியும். அதன்மேல் பவுடரை அப்பினால் வேர்வையோடு சேர்ந்து கட்டியாகி அதுவே உரசும். டாக்டரிடம் காட்டி பூஞ்சைக்கான க்ரீம் வாங்குங்கள். மற்ற இடங்களில் தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயைப் பூசிவிட்டால் போதும். காங்கேயம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், செக்கில் ஆட்டிய எண்ணெய் வீட்டிலேயே இருக்கும். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் பொரி இருந்தால் சிரங்காக இருக்கலாம், அதற்கு வீட்டில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து மருந்து போட வேண்டும்.

அரைஞாண் கயிற்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஈரத்தில் ஊறி இடுப்பை அறுத்துக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. கால் வீங்கினால் மெட்டியும், கை வீங்கினால் வளையலும் மோதிரமும் இறுகுவதற்குள் கழற்ற வேண்டும். அமுச்சிகள் (பாட்டிகள்) மெட்டியைக் கழற்றச் சம்மதிக்க மாட்டார்கள், ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்துத் தலைமாட்டில் கட்டிவைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கொண்டை போட்டால் பின்மண்டையில் அழுத்தும், இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாகத் தளரப் பின்னிவிடுங்கள்.

மறைவிடம், டயப்பர், டியூப்

தண்ணீரையும் துணியையும் மாற்றிக்கொண்டு கடைசியில் இங்கே வர வேண்டும். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் மட்டுமே துடைக்க வேண்டும், திருப்பி வந்தால் மலத்துக் கிருமி மூத்திரப் பாதைக்குப் போகும். ஆண்களுக்கு முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக் கழுவித் துடைத்து, மறக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுகி அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

டயப்பர் நிறையும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பும்போதே தொட்டுப் பாருங்கள், மலம் போயிருந்தால் உடனே மாற்ற வேண்டும். கழுவி ஒற்றி, ஜிங்க் ஆக்சைடு க்ரீமோ வாசலினோ மெல்லிய படலமாகப் பூசுங்கள். அடுத்த முறை அந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலே பூசினால் போதும். பகலில் சில மணி நேரம் டயப்பரே இல்லாமல் துணி விரிப்பில் காற்றாடப் படுக்க வையுங்கள்.

யூரின் டியூப் இருந்தால் உடம்புக்குள் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, டியூபை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. டியூபும் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கக் கூடாது, அதுவே ஒரு புண்ணைப் போட்டுவிடும்.

வாயையும் விட்டுவிடாதீர்கள். காலையும் ராத்திரியும் மெல்லிய பிரஷ். விழுங்க முடியாதவருக்கு ஒருக்களித்து வைத்து, ஈரக் காஸ் துணியை விரலில் சுற்றித் துடைத்தெடுங்கள், தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பல்செட்டை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள்.

சாப்பாடு

படுத்திருப்பவருக்கு எதற்குச் சத்து என்று கஞ்சியும் ரசஞ்சோறுமாகப் போட்டால் தோல் காகிதமாகிவிடும். இப்படிப்பட்டவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், 50 கிலோ ஆள் என்றால் நாளைக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம், கூடவே குழைந்த அரிசிம்பருப்பு, கொள்ளுப் பருப்பு கடைசல், தயிர், மீன், கறிச்சாறோடு மசித்த கறி என்று போட்டுத்தான் நிரப்ப வேண்டும். கிட்னி கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

புண் வந்துவிட்டால்

ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல், டூத்பேஸ்ட் வரைக்கும் கேட்டாயிற்று. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது, குழம்பில் தாராளமாகப் போடுங்கள், திறந்த புண்ணில் வேண்டாம். புண்ணின் அடியும் ஆழமும் மறைந்துபோகும். ஹைட்ரஜன் பெராக்சைடும், டாக்டர் சொல்லாமல் தினமும் ஊற்றுகிற அயோடின் மருந்தும் புதிதாக முளைக்கிற சதையையே கொல்லும். மெடிக்கலில் நார்மல் சலைன் என்கிற உப்புக் கரைசலை வாங்கி அதில் கழுவி, சுத்தமான காஸ் வைத்து மூடி, அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் நர்ஸிடம் காட்டுங்கள். கறுப்பாகக் காய்ந்த பொருக்கு இருந்தால் நீங்களாக உரிக்க வேண்டாம்.

கெட்ட வாடை, சீழ், சுற்றிலும் சூடும் வீக்கமும் பரவுவது, காய்ச்சல், உள்ளே எலும்போ பள்ளமோ தெரிவது, திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதற்கு முன்னாலேயே ஒரு வேலை செய்யலாம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸும் பிசியோதெரபி செய்பவரும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ பெயரும் முகவரியும் கொடுத்துப் பதிந்து வையுங்கள். அவர்கள் வரும்போது அந்தக் காலண்டர் தாள்களை எடுத்துக் காட்டுங்கள். புண் இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை, பக்கத்தில் ஒரு ஸ்கேலைத் தோலில் படாமல் பிடித்து, தேதி தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து வைத்திருங்கள். புண் சுருங்குகிறதா விரிகிறதா என்பது அவர்களுக்குப் படத்திலேயே தெரிந்துவிடும்.